மேற்கோள், ஏது, மறுதலை: வாதவுரை எழுதக் கற்பித்த தமிழ் மரபு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு கருத்தை முன்வைத்து, காரணம் காட்டி, எதிர்க்கருத்தை மறுத்து நிறுவும் உரையை எழுதும் பயிற்சி ஆங்கிலக் கல்வியின் வழியே தமிழுக்கு வந்தது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. தொல்காப்பிய மரபியல், மணிமேகலையின் அளவையியற் காதைகள், நன்னூற் பொதுப்பாயிரம், சிவஞானபோதம், சிவஞானசித்தியார் ஆகியவற்றைக் கொண்டு இக்கட்டுரை அவ்வெண்ணத்தை ஆராய்கிறது. எதிர்த்தரப்பைத் தெளிவுற எடுத்துரைத்த பின்னரே தன் தரப்பை நிறுவ வேண்டும் என்பது இம்மரபின் அடிப்படை. இன்றைய கட்டுரைப் பயிற்சியில் விடுபட்டிருப்பது இந்த முதற்படியே என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: மேற்கோள், ஏது, பரபக்கம், எழுவகை மதம், அளவையியல், கட்டுரைப் பயிற்சி.

முன்னுரை

‘மேற்கோள்’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் இன்றைய மாணவர் மனத்தில் தோன்றுவது, பிறர் நூலிலிருந்து எடுத்துக் குறிகளுக்குள் இட்ட தொடர். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தில் இச்சொல்லின் பொருள் வேறு. அந்நூலின் 12 சூத்திரங்களும் அதிகரணங்களாகப் பகுக்கப்பட்டு, அவை மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் உறுப்புகளால் அமைந்துள்ளன. மேற்கோளாவது ஆசிரியர் தாம் நிறுவுவதாக மேற்கொண்ட கூற்று. வடமொழி அளவை நூலார் இதனைப் பிரதிஞ்ஞை என்பர். ஏது, அக்கூற்றுக்குரிய காரணம். எடுத்துக்காட்டு, அக்காரணத்தை விளக்கும் வெண்பா.

இன்று வகுப்பறையில் முன்னைய பொருள் வழக்கிழந்துவிட்டது. ‘இதனை நிறுவுவேன்’ என்னும் பொறுப்பைக் குறித்த சொல், ‘இதனை இவர் கூறினார்’ என்னும் சான்றை மட்டும் குறிக்கிறது. இதனைச் சொற்பொருள் மாற்றம் என்று மட்டும் கொண்டு கடந்து செல்ல இயலாது. கட்டுரையில் மேற்கோள்கள் பல இருந்தும் மேற்கோள் இல்லாத நிலை, பள்ளிக் கட்டுரையில் தொடங்கி ஆய்வேடு வரை காணப்படுவது. தமிழில் வாதவுரை எழுதும் பயிற்சி எவ்வாறு இருந்தது, அதில் எது விடுபட்டது என்னும் வினாக்கள் இவ்விடத்தில் எழுகின்றன.

உரை மரபில் கடாவும் விடையும்

தொல்காப்பிய மரபியல் உரையின் இலக்கணத்தைக் கூறுமிடத்து, விரிந்த உரைக்குரிய உறுப்புகளுள் ஒன்றாக எதிர்த்தரப்பினர் எழுப்பும் கடாவையும் அதற்குரிய விடையையும் சேர்க்கிறது. தன் நூலாலும் முடிந்த பிற நூலாலும் ஐயத்தையும் மருட்கையையும் நீக்கி, ஒரு பொருளைத் துணிந்து நிற்பதே உரை என்பது அதன் கருத்து. துணிவு ஈற்றில் வருவது. கடா அதற்கு முன்னர் வருவது. 32 உத்திகளின் நிரலிலும் பிறன் கோள் கூறல், பிறன் உடம்பட்டது தான் உடம்படுதல், மறுதலை சிதைத்துத் தன் துணிபு உரைத்தல் ஆகியவை இடம்பெறுகின்றன. இவை மூன்றும் ஒருவன் தனித்து நின்று பேசும் பேச்சின் கூறுகள் அல்ல. எதிரே ஒருவர் இருப்பதாகக் கொண்டாலன்றி இவற்றுக்குப் பொருளில்லை.

இறையனார் களவியல் உரை இந்நெறியைத் தமிழ் உரைநடையில் நிலைநிறுத்தியது. ஒவ்வொரு கூற்றுக்கும் ‘என்னை?’ என்று வினவி விடை கூறிச் செல்லும் அதன் நடை, படிப்போன் மனத்தில் எழும் ஐயத்தை உரையாசிரியரே முன்கூட்டி எழுப்பும் நடை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை கண்ட சேனாவரையர், இளம்பூரணரை ‘உரையாசிரியர்’ என்று சுட்டி, அவர் கொண்ட பொருளை எடுத்துக்கூறி, அது பொருந்தாமைக்குக் காரணம் காட்டிய பின் தம் கருத்தை வைப்பார். மறுக்கப்படும் கருத்து யாருடையது, அது யாது என்னும் இரண்டும் படிப்போனுக்குத் தெரிகின்றன. ஆகவே மறுப்பு சரியா என்பதைப் படிப்போனே சீர்தூக்க இயலும்.

இத்திறன் தானே அமைவது என மரபு கருதவில்லை. கற்றுப் பெறுவது என்றே கருதியது. அவையில் அஞ்சாது விடை கூறும்பொருட்டு அளவறிந்து கற்க வேண்டும் என அவையஞ்சாமை அதிகாரம் வலியுறுத்துகிறது (குறள் 725). அங்கு வரும் அளவு என்பதற்கு அளவை நூல் எனப் பொருள் கொண்ட பரிமேலழகர், சொல்லிலக்கண நெறியால் அதனைக் கற்க வேண்டும் என்கிறார். இலக்கணம் கற்ற பின் அளவை கற்றல் என்னும் பாடமுறை இதனால் பெறப்படும்.

மணிமேகலை: கேட்டலுக்குப் பின் அளவை

மணிமேகலையின் 27ஆம் காதையில் மணிமேகலை வஞ்சி நகரில் சமயக் கணக்கர் பலரின் கொள்கைகளைக் கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி எனப் பதின்மர் தம் கருத்துகளைத் தாமே கூறுகின்றனர். காட்சி ஒன்றே அளவை எனக் கூறும் பூதவாதியிடம் மட்டும், தாய் தந்தையரை அனுமானத்தாலன்றி எவ்வாறு அறிவாய் என அவள் வினவுகிறாள். ஏனையோர் கூற்றுகளை நெடிது மறுக்காமல் கேட்டுச் செல்கிறாள். அளவையியலை அறவண அடிகளிடம் அவள் கற்பது காஞ்சியில், 29ஆம் காதையில்.

காப்பியத்தின் இவ்வைப்புமுறை கருதத்தக்கது. கேட்டல் முன்னர், அளவை பின்னர், தன் துணிவாகிய நோன்பு 30ஆம் காதையில். பிறர் கொள்கையை அறியாதவருக்கு அளவைக் கருவியால் பயனில்லை என்பதை இம்முறைவைப்பு உணர்த்துகிறது எனலாம்.

அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்னும் ஐந்து உறுப்புகளைக் கூறி, இறுதி இரண்டும் திட்டாந்தத்தில் அடங்கும் என்கிறார். மலை நெருப்புடையது, புகையுடைமையால், அடுக்களை போல என்பது வழக்கமான சான்று. இதனைத் தொடர்ந்து வரும் போலிகளின் பட்டியலே கற்போருக்குப் பெரிதும் பயன்படுவது. பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 என 33 போலிகள் கூறப்படுகின்றன. ‘என் தாய் மலடி’ என்பது போலத் தன் சொல்லைத் தானே முரணும் மேற்கோள் ஒரு போலி. எதிரி ஏற்காத சொல்லை அடிப்படையாகக் கொண்டு அவனிடம் ஒன்றை நிறுவ முயல்வது மற்றொரு போலி. எதிரி முன்னரே இசைந்திருக்கும் ஒன்றை அவனுக்கு நிறுவிக் காட்டுவதும் போலியே; இதனை அப்பிரசித்த சம்பந்தம் என்பர்.

இறுதியிற் கூறிய இரண்டும் மேற்கோளின் வாய்மையைப் பற்றியன அல்ல. அம்மேற்கோள் யாரிடம் கூறப்படுகிறது என்பதைப் பற்றியன. உண்மையான கூற்றும் கேட்போனின் நிலையறியாது கூறப்படின் வாதமாகாது என்பது இவற்றின் உட்பொருள்.

நன்னூலின் எழுவகை மதம்

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூலாசிரியன் பிற கருத்துகளோடு கொள்ளத்தக்க உறவை எழுவகை மதமாக வகுக்கிறது. உடன்படல், மறுத்தல், பிறர் மதத்தை மேற்கொண்டு பின் களைதல், தானே ஒன்றை நாட்டி நிறுவுதல், இருவர் மாறுபடுமிடத்து ஒருபக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல், பிறரோடு படாது தன் மதம் கொள்ளல் என்பன அவை.

நிரலின் தொடக்கத்தில் உடன்படல் நிற்கிறது. ஏழில் ஆறு, பிறர் கருத்தை அறிந்தோ நோக்கியோ செய்யப்படுவன; தானே நாட்டி நிறுவுதல் ஒன்றே அவ்வாறு வெளிப்படையாகப் பிறரைச் சுட்டாதது. புதியது கூறல் ஒன்றே ஆய்வின் பயன் என்னும் இன்றைய எதிர்பார்ப்புக்கு இது மாறானது. பிறர் கூறியதில் எதனை ஏற்கிறோம் என்று சொல்லுதலும் ஒரு நிலைப்பாடே என நன்னூல் கொள்கிறது.

பத்துக் குற்றமும் பத்து அழகும் எழுதியதைத் திருத்துவதற்கு உரிய அளவுகோல்கள். மாறுகொளக் கூறல் என்னும் குற்றம் மணிமேகலையின் தன்சொல் முரணும் போலியோடு ஒப்பது. உலகம் மலையாமை என்னும் அழகு உலகவிருத்தம் என்னும் போலிக்கு மறுதலை. சென்று தேய்ந்து இறுதல் என்பது வலிமையாகத் தொடங்கி மெலிந்து முடியும் வாதத்துக்கு இன்றும் பொருந்தும் பெயர். சமண முனிவரின் இலக்கணமும் பௌத்தக் காப்பியமும் இவ்விடத்தில் ஒன்றுபடுகின்றன.

கற்கும் முறை பற்றியும் நன்னூல் பேசுகிறது. ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது காற்கூறு. உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்கூறு. பிறருக்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைக்கூறு நிறைவுறும். வினாதலும் வினாயவற்றுக்கு விடை கூறலும் மாணவன் கடமைகளுள் வைக்கப்பட்டுள்ளன. இக்கணக்கின்படி புலமையின் முக்காற்பங்கு பிறர் முன்னிலையில் அமைவது.

பரபக்கமும் சுபக்கமும்

மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞானசித்தியார் பரபக்கம், சுபக்கம் என இரு பெரும்பிரிவுகளை உடையது. பரபக்கத்தில் உலோகாயதன் முதலாக 14 தரப்பினரின் மதங்கள் ஒவ்வொன்றாகக் கூறப்பட்டு, ஒவ்வொன்றன்பின்னும் அதன் மறுதலை வைக்கப்படுகிறது. மதமும் மறுதலையும் கலந்து வாராமல் தனித்தனியே நிற்றல் இதன் சிறப்பு. படிப்போன் மறுதலையைப் படிக்காமல் மதத்தை மட்டும் படித்தறிய இயலும்.

இவ்வொழுங்கின் வரலாற்றுப் பயன் நீலகேசியில் தெளிவாகிறது. பௌத்தக் காப்பியமாகிய குண்டலகேசியை மறுக்க எழுந்த சமணநூல் நீலகேசி. அதன் உரையாகிய சமயதிவாகரத்தில் வாமன முனிவர், மறுக்கப்படும் நூலின் செய்யுட்குறிப்புகளையும் எடுத்தாண்டார். குண்டலகேசி இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டில் உள்ள பாடல்களோடு, அந்நூலைப் பற்றி நாம் அறிவதற்கு உதவுவது அதனை மறுத்தோர் வைத்துச் சென்ற குறிப்பே. எதிர்த்தரப்பை எடுத்துரைக்கும் ஒழுக்கம் வாதத்துக்கு மட்டுமன்றி அறிவின் பாதுகாப்புக்கும் உரியது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

அச்சுக்காலத்தில் இம்மரபு

ஆறுமுக நாவலர் (1822–1879) நன்னூலுக்குக் காண்டிகையுரை கண்டவர். எழுவகை மதத்தை மாணவர்க்கு விளக்கியவர். பீட்டர் பெர்சிவலோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்ததனால் விவிலியத்தையும் நன்கறிந்தவர். 1854இல் வெளிவந்த சைவதூஷணபரிகாரத்தில், சைவ வழிபாட்டு முறைகளைப் பழித்த பாதிரிமாருக்கு அவர் ஆகமங்களை மட்டும் காட்டி விடை கூறவில்லை. அவர்கள் ஏற்கும் விவிலியத்திலிருந்தே ஒத்த வழக்கங்களை எடுத்துக்காட்டினார். எதிரி ஏற்காத அடிப்படையில் வாதம் செய்தல் போலி என்னும் அளவையியற் கருத்தும், பிறர் மதத்தை மேற்கொண்டு களைதல் என்னும் நன்னூற் கருத்தும் இங்கு அச்சு உரைநடையில் செயற்படுகின்றன. பயிற்சியும் படைப்பும் ஒருவரிடத்தே இணைந்திருப்பதால், இம்மரபு ஏட்டளவில் நின்றதன்று என்பது பெறப்படும்.

இக்கருவிகள் இன்றும் பயன்படுமா?

மணிமேகலையின் காலம் பற்றிய விவாதத்தையே சான்றாகக் கொள்ளலாம். 29ஆம் காதையின் போலிப் பட்டியல், சங்கரசுவாமி இயற்றியதாகக் கருதப்படும் நியாயப்பிரவேசம் என்னும் வடமொழி நூலோடு பெரிதும் ஒத்துள்ளது. இவ்வொப்புமை கொண்டு காதை அந்நூலுக்குக் கடன்பட்டது எனக் குப்புசாமி சாஸ்திரி கருதினார். 1928இல் மணிமேகலை பற்றித் தனிநூல் வெளியிட்ட எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார், காப்பியம் திக்நாகருக்கு முற்பட்டது என வாதிட்டார்.

இங்கு ஒப்புமை என்னும் ஏதுவை மட்டும் நோக்குவோம். தமிழ் நூல் வடமொழி நூலிலிருந்து பெற்றிருப்பினும் ஒப்புமை இருக்கும். இரண்டும் முந்தைய பொது மூலத்திலிருந்து பெற்றிருப்பினும் ஒப்புமை இருக்கும். இருபக்கத்துக்கும் செல்லும் ஏதுவை மணிமேகலையே அநைகாந்திகம் என்கிறது. ஆகவே ஒப்புமை, தொடர்பு உண்டு என்பதை நிறுவும்; தொடர்பின் திசையை நிறுவாது. திசையை நிறுவ வேறோர் ஏது வேண்டும். காப்பியம் கற்பிக்கும் கருவியால் காப்பியத்தின் காலம் பற்றிய வாதத்தையே அளக்க முடிகிறது. ஆய்வு மாணவருக்கு இப்பட்டியல் மனப்பாடப் பகுதியன்று; வரைவைத் திருத்தும் கருவி.

பள்ளிக் கட்டுரையும் அதன் விளைவும்

இன்று பள்ளித் தேர்வுகளில் கட்டுரை வினா பெரும்பாலும் குறிப்புகளோடு தரப்படுகிறது. முன்னுரை, இடையில் சில துணைத்தலைப்புகள், முடிவுரை என்னும் சட்டகத்தை வினாத்தாளே வகுத்துக் கொடுக்கிறது. தொடக்க நிலையில் இது உதவியே. ஆயினும் மாணவர் எதனை நிறுவ வேண்டும் என்பதையும் எந்த முறையில் நிறுவ வேண்டும் என்பதையும் வினாத்தாளே தீர்மானித்துவிடுகிறது.

தலைப்புகளும் கருதத்தக்கவை. மரம் வளர்த்தல், சாலைப் பாதுகாப்பு, நாட்டு ஒற்றுமை ஆகியவற்றின் நன்மையை மறுப்பவர் எவருமிலர். எதிரி முன்னரே இசைந்ததை நிறுவுதல் இது. மணிமேகலையின் கணக்கில் அப்பிரசித்த சம்பந்தம். மறுப்பவர் இல்லாத இடத்தில் ஏது தேவைப்படுவதில்லை. ஏதுவின் இடத்தை அடைமொழியும் பாடல்வரியும் நிரப்புகின்றன. மேற்கோள் என்னும் சொல் எடுத்தாளப்பட்ட வரியை மட்டும் குறித்து நிற்பதற்கு இப்பயிற்சி இடமளிக்கிறது.

மாணவர் இதே பழக்கத்தோடு ஆய்வுக்கு வரும்பொழுது முன்னோர் கருத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. அவற்றுள் எதனோடு உடன்படுகிறார், எதனை மறுக்கிறார், மாறுபடும் இருவருள் யார் பக்கம் துணிகிறார் என்பது கூறப்படாமலே இயல் முடிகிறது. இதனை மாணவரின் திறமைக்குறை என்பது பொருந்தாது. கற்பிக்கப்படாத ஒன்றை அவரிடம் எதிர்பார்க்கிறோம் என்பதே பொருந்தும்.

இரு மறுப்புகள்

இக்கருத்துக்கு இரு வலிய மறுப்புகள் உண்டு. முதலாவது, பரபக்கத்தில் பேசும் உலோகாயதன் அருணந்தியார் பேசவைத்த உலோகாயதன்; நீலகேசியில் எதிர்ப்போர் தோற்பது தொடக்கத்திலேயே முடிவானது. முடிவு முன்னரே தெரிந்த வாதத்தை ஆய்வுக்கு மாதிரியாகக் கொள்ளலாமா? இரண்டாவது, இக்கல்வி சமூகத்தின் எல்லாப் பிரிவினருக்கும் திறந்திருந்ததன்று. பட்டிமண்டபம் ஏறும் உரிமை சிலருக்கே இருந்தது.

இரண்டாம் மறுப்பு முற்றும் உண்மை. அதனோடு உடன்படலே முறை. ஆயின் அதனால் பெறப்படுவது கருவியைக் கைவிடுதல் அன்று, அனைவர்க்கும் உரியதாக்குதல். சிலரிடம் இருந்த ஒன்று பொதுக்கல்வி பரவிய காலத்தில் பலருக்குக் கிடைக்காமற் போவது இரட்டை இழப்பு.

முதல் மறுப்பும் ஓரளவு பொருந்துவதே. சமய வாதங்களின் முடிவு முன்னரே அமைந்தது. ஆயினும் முடிவை விலக்கி முறையை மட்டும் கொள்ள இயலும். சேனாவரையர் இளம்பூரணரை மறுக்குமிடங்களில் சமயச் சார்பு இல்லை. வாதம் சூத்திரத்தின் பொருளைப் பற்றியது. அன்றியும் மரபே தன் வாதிகளுக்கு ஒழுக்கம் விதித்திருக்கிறது. மணிமேகலையின் விழாவறை காதை, சமயவாதிகளைப் பட்டிமண்டபம் ஏற அழைக்கும் அறிவிப்பிலேயே, பகைவரோடும் சினமும் பூசலும் கொள்ளாது விலகுமாறு கூறுகிறது. 19ஆம் நூற்றாண்டுக் கண்டன நூல்கள் பலவற்றில் இவ்வொழுக்கம் தளர்ந்தது. தளர்வை மரபின் இயல்பாகக் கொள்ளாது, மரபே விலக்கிய குற்றமாகக் கொள்ளுதல் தகும்.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து இளநிலை, முதுநிலை வகுப்புகளுக்குரிய எளிய பயிற்சிமுறை ஒன்றைப் பெறலாம். மாணவர் முதலில் தம் மேற்கோளை ஒரே தொடரில் எழுதுதல். அதனை மறுக்கக்கூடியவர் யார் எனக் கூறுதல். மறுப்பவர் இல்லையெனில் அம்மேற்கோளைக் கைவிடுதல். அடுத்து ஏதுவை எழுதி, அது எதிர்ப்பக்கத்துக்கும் செல்லுமா என நோக்குதல். பின்னர் மறுதலையை ஒரு பத்தியில் எழுதி, அக்கருத்துடைய உடன்மாணவரிடம் கொடுத்தல். ‘நான் கூறுவது இதுவே’ என அவர் இசைந்த பின்னரே மறுப்பை எழுதத் தொடங்குதல். இறுதியில், எடுத்தாண்ட ஒவ்வோர் ஆய்வாளர் கருத்தின் எதிரிலும் எழுவகை மதத்துள் தாம் கொண்டது எது எனக் குறித்தல்.

இதற்குப் புதிய பாடநூல் வேண்டுவதில்லை. நன்னூற் பொதுப்பாயிரம் தமிழ் இலக்கணக் கல்வியில் இன்றும் இடம்பெறுவது. அதன் எழுவகை மதம் ஐந்து மதிப்பெண் விடையாக எழுதப்படுகிறது. எழுதும் முறையாகப் பயிலப்படுவதில்லை. இலக்கணத் தாளில் படிப்பதைக் கட்டுரைத் தாளில் கையாளச் செய்வதே ஆசிரியர் மேற்கொள்ள வேண்டிய பணி. நன்னூல் கூறும் கணக்கின்படி அதில் ஆசிரியரின் பங்கு காற்கூறு மட்டுமே. எஞ்சிய முக்காற்பங்குக்கு, மாணவர் ஒருவரையொருவர் மறுத்தெழுதுவதற்கு வகுப்பில் நேரம் ஒதுக்கினால் போதுமானது.